கருநிற லாகரைச் சுவைக்கும் முறை

பீர் பட்டியலில் கருநிற லாகர் என்று கண்டதும் பலர் அடுத்த வரிக்குத் தாவிவிடுகிறார்கள். கறுப்பாக இருந்தால் கனமாக இருக்கும், கசக்கும், சீக்கிரம் தலைக்கேறும் என்று நம்புகிறார்கள். ஆனால் மியூனிக் நகரத்துக் கருநிற லாகரில் ஆல்கஹால் பெரும்பாலும் 5 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். நம் ஊர்க் கடைகளில் 'ஸ்ட்ராங்' என்று விற்கும் வெளிர்மஞ்சள் பீரிலோ அது 8 சதவீதம் வரை போகிறது. தானியத்திலிருந்து எவ்வளவு சர்க்கரை கிடைத்தது, அதில் எவ்வளவு நொதித்தது என்பதைப் பொறுத்தது போதை. தானியம் எவ்வளவு வறுபட்டது என்பதைப் பொறுத்தது நிறம். இரண்டுக்கும் நேரடித் தொடர்பு இல்லை.

இந்த அத்தியாயம் முழுவதற்கும் அடிப்படை ஒன்றுதான்: கருநிற லாகரில் நாம் சுவைப்பது வறுபட்ட தானியத்தை. குளிரும் காலமும் மற்றச் சுவைகளை ஒதுக்கி அதற்கு வழிவிடுகின்றன. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் எதைத் தேட வேண்டும், எதைக் குறை என்று சொல்ல வேண்டும் என்பது தானாகவே விளங்கும்.

நிறமும் சுவையும் பிறக்கும் இடம்

பார்லியை ஊறவைத்து முளைகட்டி உலர்த்தினால் கிடைப்பது மால்ட். நம் வீடுகளில் முளைகட்டிய கேழ்வரகைக் காயவைத்து வறுத்து மாவாக்குவதும் இதே வேலைதான். அந்த வறுவல் மணம் உங்களுக்குப் பழக்கம் என்றால், கருநிற லாகரின் மையச் சுவையில் பாதி ஏற்கெனவே உங்களுக்குத் தெரியும்.

உலர்த்தும் சூடுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஏறத்தாழ 80 டிகிரி செல்சியஸில் உலர்த்தினால் வெளிர்நிற மால்ட் வரும். 100 டிகிரியைத் தாண்டும்போது தானியத்தின் சர்க்கரையும் அமினோ அமிலங்களும் வினைபுரிந்து செம்பழுப்பு நிறத்தையும் ரொட்டி மேலோட்டின் மணத்தையும் தரும். பிரெஞ்சு வேதியியலாளர் லூயி காமீல் மையார் 1912-இல் விளக்கிய வினை இது. மியூனிக் மால்ட் இப்படிப் பிறப்பதுதான். 200 டிகிரிக்கு மேல் உருளையில் வறுத்தால் மால்ட் கறுத்து, காபி, கசப்புச் சாக்லேட் பக்கம் சுவை நகரும். எரிக்காமல் இவ்வாறு வறுக்கும் உருளைக்கு 1817-இல் இங்கிலாந்தில் டேனியல் வீலர் காப்புரிமை பெற்றார். அதன்பின் சிறிதளவு கரிய மால்ட்டைக் கொண்டே பீரை முழுக்கக் கறுப்பாக்க முடிந்தது. இன்றைய கறுப்பு லாகர்கள் பலவற்றில் கரிய மால்ட்டின் பங்கு மொத்தத் தானியத்தில் ஐந்து சதவீதத்தைக்கூட எட்டுவதில்லை.

ஆக, கருநிற லாகர்களை இரண்டு பாதைகளாகப் பிரித்துக்கொள்ளலாம். ஒன்று, நிறைய மியூனிக் மால்ட்டால் செம்பழுப்பானது. அதில் ரொட்டியின் சுவை மேலோங்கும். மற்றது, கொஞ்சம் கரிய மால்ட்டால் கறுப்பானது. அதில் வறுவலின் சுவை மேலோங்கும். ஒரு பீர் எந்தப் பாதையைச் சேர்ந்தது என்று கண்டுபிடிப்பதே சுவைப்பவரின் முதல் வேலை.

மியூனிக்கில் கருநிறம் வேரூன்றியதற்குத் தண்ணீரும் ஒரு காரணம். அந்த ஊர்த் தண்ணீரில் கார்பனேட் கடினத்தன்மை அதிகம். வெளிர்நிற மால்ட்டை அதில் ஊறவைத்தால் ஊறலின் அமிலத்தன்மை போதாமல், பீரில் முரட்டுக் கசப்பும் துவர்ப்பும் ஏறும். கருநிற மால்ட்டுக்கு இயல்பாகவே உள்ள அமிலத்தன்மை அதைச் சரிக்கட்டியது. செக் நாட்டின் பில்சனில் தண்ணீர் மிக மென்மையானது. அதனால்தான் 1842-இல் அங்கே யோசெஃப் குரோல் பொன்னிற லாகரைக் காய்ச்ச முடிந்தது. மியூனிக்கின் ஷ்பாடன் ஆலை வெளிர்நிற ஹெல்லெஸ் லாகரைக் கொண்டுவந்தது 1894-இல்தான். அதுவரை மியூனிக் லாகர் என்றாலே பெரும்பாலும் கருநிறம்தான்.

இன்னொரு பழைய முறையையும் தெரிந்துகொள்ளுங்கள். ஊறலில் ஒரு பகுதியைத் தனியே எடுத்துக் கொதிக்கவைத்து, மீண்டும் ஊற்றி மொத்தத்தின் சூட்டை உயர்த்துவார்கள். வெப்பமானி இல்லாத காலத்தில், இத்தனை பங்கு கொதித்தால் இத்தனை சூடு ஏறும் என்ற கணக்கு வேலையைச் சீராக்கியது. கொதிக்கும் பகுதியில் மால்ட்டின் சுவையும் ஆழமாகும். நேரமும் எரிபொருளும் அதிகம் பிடிக்கும் என்றாலும் பவேரியாவிலும் செக் நாட்டிலும் பல ஆலைகள் இன்றும் இதை விடவில்லை. நல்ல கருநிற லாகரில், விழுங்கிய பிறகும் நாக்கில் தங்கும் ரொட்டிச் சுவைக்கு இந்த உழைப்பும் ஒரு காரணம்.

குளிரும் காலமும்

எய்ல் வகை பீர்கள் பெரும்பாலும் 18 முதல் 22 டிகிரியில் நொதிக்கும். அந்தச் சூட்டில் ஈஸ்ட் பழமணங்களை நிறைய உண்டாக்கும். லாகர் ஈஸ்ட் 8 முதல் 13 டிகிரியில் மெதுவாக வேலை செய்யும். பழமணம் மிகக் குறைவு. பிறகு உறைநிலையை ஒட்டிய குளிரில் பல வாரங்கள், வீரியமான வகைகள் மாதக்கணக்கில், ஓய்வெடுக்கும். ஈஸ்ட் அடியில் படியும், பீர் தெளியும், முரட்டுச் சுவைகள் அடங்கும்.

பவேரியாவில் 1553-இல் வந்த ஆணை செப்டம்பர் 29 முதல் ஏப்ரல் 23 வரைதான் பீர் காய்ச்சலாம் என்றது. கோடையில் காய்ச்சிய பீர் கெட்டுப்போனதே காரணம். குளிரில் நன்றாக வேலை செய்யும் ஈஸ்ட்டே அந்தப் பகுதியில் நிலைபெற அந்த ஆணை உதவியது.

சிறு கைவினை ஆலைகளுக்கு இந்தக் காத்திருப்பு பெரிய செலவு. ஒரே தொட்டியில் எய்ல் இரண்டு முறை விற்பனைக்குப் போயிருக்கும் காலத்தில் லாகர் ஒருமுறைதான் போகும். அதற்குமேல், லாகரில் குறையை மறைக்கப் பழமணமோ, பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவின் தூக்கலான வாசனையோ கிடையாது. அப்படியிருந்தும், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2011-இல் தொடங்கிய ஜாக்ஸ் ஆபி ஆலை லாகரையே தன் அடையாளமாக்கிக்கொண்டது. கலிஃபோர்னியாவின் மூன்லைட் ஆலையின் புகழ் பெரும்பாலும் 'டெத் அண்ட் டாக்சஸ்' என்ற கறுப்பு லாகரைச் சார்ந்தது. சிறிய ஆலை ஒன்றின் பட்டியலில் கருநிற லாகர் இருந்தால் முதலில் அதைக் கேளுங்கள். அந்த ஆலையின் பொறுமையையும் சுத்தத்தையும் அந்த ஒரு கோப்பையிலேயே அளந்துவிடலாம்.

தெரிந்திருக்க வேண்டிய நான்கு வகைகள்

டுங்கெல். மியூனிக்கின் பழைய அன்றாட பீர். ஆல்கஹால் 4.5 முதல் 5.6 சதவீதம். வெளிச்சத்தில் செம்பும் மாணிக்கச் சிவப்பும் தெரியும். ரொட்டி மேலோடு, லேசான கேரமல், சில சமயம் கொட்டைப் பருப்பு, கசப்பு பின்னணியில்தான். வறுவல் தூக்கினால் அது நல்ல டுங்கெல் இல்லை. அயிங்கர் ஆலையின் ஆல்ட்பைரிஷ் டுங்கெல், டான்யூப் நதிக்கரை மடத்தில் காய்ச்சப்படும் வெல்டன்புர்க் பரோக் டுங்கெல் ஆகியவை நம்பகமான அளவுகோல்கள்.

செக் கருநிற லாகர். அங்கே த்மவே என்றும், இன்னும் கறுப்பானவற்றைச் செர்னே என்றும் அழைப்பார்கள். ஆல்கஹால் 4.4 முதல் 5.8 சதவீதம். டுங்கெலைவிட உடல்வாகு அதிகம், இனிப்பும் சற்றுக் கூடுதல், அதனூடே செக் ஹாப்ஸின் மணம். ஆலைக்கு ஆலை வேறுபாடு மிகுதி. பிராக் நகரின் உ ஃப்ளெகு மதுவகம் 1499-ஐத் தன் தொடக்க ஆண்டாகச் சொல்கிறது. அங்கேயே காய்ச்சும் 13 டிகிரி கருநிற லாகர்தான் அதன் அடையாளம். இந்த 13, ஆல்கஹால் சதவீதம் அல்ல. நொதிப்பதற்கு முன் சாற்றில் கரைந்திருந்த திடப்பொருளின் அளவு. செக் பட்டியலில் 10, 12 என்று கண்டால் பயப்பட வேண்டாம். 12 டிகிரி பீரில் ஆல்கஹால் 5 சதவீதத்தை ஒட்டியே இருக்கும்.

ஷ்வார்ட்ஸ்பீர். ஜெர்மனியின் துரிங்கியா, சாக்சனி, ஃபிராங்கோனியா பகுதிகளின் கறுப்பு லாகர். ஆல்கஹால் 4.4 முதல் 5.4 சதவீதம். நால்வகையில் மிகக் கறுப்பானதும் மிக லேசானதும் இதுதான். காபி, கசப்புச் சாக்லேட் சாயல் வந்து சட்டென்று உலர்ந்து முடியும். கரிய மால்ட்டை உமி நீக்கி வறுத்துப் பயன்படுத்தும் ஆலைகளில் கருகல் காரம் இராது. பாட் கோஸ்ட்ரிட்ஸ் ஊரின் ஆலை 1543 முதல் இயங்குவதாகப் பதிவு செய்திருக்கிறது. கிழக்கு ஜெர்மனிக் காலத்தைத் தாண்டி, 1991-இல் பிட்புர்கர் குழுமத்தின் கைக்கு வந்தது. 4.8 சதவீதமுள்ள அதன் கறுப்பு பீர் பல நாடுகளில் கிடைக்கிறது. நிறத்துக்கும் கனத்துக்கும் தொடர்பில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

டொப்பெல்பொக். மியூனிக்கில் பாலானர் துறவிகள் நோன்புக் காலத்துக்குக் காய்ச்சியதிலிருந்து வளர்ந்த வீரிய லாகர். 7 சதவீதத்தை ஒட்டித் தொடங்கி 10 வரை போகும். செறிந்த மால்ட், உலர்ந்த திராட்சை, பேரீச்சையின் சாயல், தொண்டையில் மெல்லிய வெப்பம். பாலானர் ஆலையின் சால்வாட்டர் 7.9 சதவீதம், அயிங்கரின் செலிபிரேட்டர் 6.7. மற்ற ஆலைகள் பலவும் 'ஆட்டர்' என முடியும் பெயர்களையே இதற்கு வைப்பதால் பெரும்பாலும் சீட்டைப் பார்த்ததுமே வகையை அறியலாம்.

இவற்றுக்கு அப்பால் பாம்பெர்க் நகரின் ஷ்லென்கெர்லா புகை லாகர் உண்டு. பீச் மர நெருப்பில் உலர்த்திய மால்ட்டின் புகைமணம் அதில் முன்னிற்கும். போலந்து முதலிய பால்டிக் பகுதி நாடுகளில் லாகர் ஈஸ்ட்டால் காய்ச்சும் வீரியமான போர்ட்டரும் உண்டு. நால்வகையும் பழகிய பிறகு இவற்றுக்கு வாருங்கள்.

இலங்கைத் தமிழ் வாசகர்களுக்கு ஒரு குறிப்பு. உங்களுக்குப் பழக்கமான லயன் ஸ்டவுட், வெப்பநாட்டு ஸ்டவுட் என்ற வகையைச் சேர்ந்தது. அந்த வகையில் லாகர் ஈஸ்ட்டையே வெதுவெதுப்பான சூட்டில் நொதிக்கவிடுவது வழக்கம். அதனால் இனிப்பும் பழமணமும் மிகும். சிறப்பான பீர்தான், ஆனால் அதை அளவுகோலாக வைத்து டுங்கெலையோ ஷ்வார்ட்ஸ்பீரையோ எடைபோட்டால் அவை வெறுமையாகத் தோன்றும்.

முன்னேற்பாடுகள்

வாங்கும்போது மூன்றைப் பாருங்கள். பழுப்புக் கண்ணாடிப் புட்டியோ கேனோ நல்லது. பச்சை, நிறமற்ற புட்டிகளில் ஒளி புகுந்து ஹாப்ஸின் வேதிப்பொருளைக் கெடுக்கும். சீட்டில் உள்ள காலாவதித் தேதிக்கு இன்னும் பல மாதங்கள் இருக்கட்டும். வெயில்படும் அலமாரியில் வைத்திருக்கும் கடையைத் தவிர்த்துவிடுங்கள். டொப்பெல்பொக்கும் வீரியமான போர்ட்டரும் ஓராண்டு தாங்கும். மற்றவை புதிதாக இருக்கும்போதே குடிக்க வேண்டியவை.

வீட்டுக் குளிர்பெட்டி ஏறத்தாழ 4 டிகிரியில் இருக்கும். அந்தக் குளிரில் மால்ட்டின் மணம் எழாது. டுங்கெல், செக் லாகர், ஷ்வார்ட்ஸ்பீர் மூன்றுக்கும் 7 முதல் 10 டிகிரி சரி. டொப்பெல்பொக்குக்கு 10 முதல் 12. நம் தட்பவெப்பத்தில் புட்டியை வெளியே எடுத்துப் பத்து நிமிடம் வைத்தாலே பெரும்பாலும் போதும். கண்ணாடிக் கோப்பையை உறையவைக்கவே கூடாது.

கோப்பை வாய்ப்பக்கம் சற்றுக் குறுகியிருந்தால் மணம் தங்கும். வைன் கோப்பையும் உதவும். எண்ணெய்ப் பசை சிறிதும் இருக்கக் கூடாது. ஊற்றிய பீரின் குமிழிகள் பக்கங்களில் ஒட்டிக்கொண்டு நின்றால் கோப்பை அழுக்கு. வெந்நீரில் கழுவி, குளிர்நீரில் அலசி, துணியால் துடைக்காமல் கவிழ்த்து வையுங்கள்.

அளவு முக்கியம். ஒவ்வொன்றிலும் 100 மில்லி லிட்டர் எடுத்தால், 5 சதவீத பீர் மூன்றும் 8 சதவீத டொப்பெல்பொக் ஒன்றும் சேர்ந்து 23 மில்லி ஆல்கஹால் ஆகும். அரை லிட்டர் சாதாரண பீருக்குச் சற்றுக் குறைவு. நால்வர் கூடிப் புட்டிகளைப் பங்கிட்டால் கணக்கு சரியாக வரும். வாகனம் ஓட்ட வேண்டிய நாளில் இந்தப் பயிற்சி வேண்டாம்.

சுவைக்கும் படிகள்

1. ஊற்றுதல். கோப்பையைச் சாய்த்துத் தொடங்கி, பாதியில் நிமிர்த்தி, இரண்டு விரற்கடை நுரை எழும்படி ஊற்றுங்கள். நுரை இல்லாவிட்டால் மணம் பாதிதான் கிடைக்கும்.

2. பார்த்தல். கோப்பையை விளக்குக்கு எதிரே பிடியுங்கள். கறுப்பாகத் தோன்றும் ஷ்வார்ட்ஸ்பீரின் ஓரத்தில் மாணிக்கச் சிவப்பு ஒளிரும். பெரும்பாலான கருநிற லாகர் தெளிவாக இருக்க வேண்டும். வடிகட்டாமல் விற்பது மட்டும் விலக்கு.

3. முகர்தல். முதலில் சிறு சிறு முகர்வுகள், பிறகு ஒரு நீண்ட முகர்வு. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ரொட்டியா, காபியா? விடை தெரிந்தால் எந்தப் பாதை மால்ட் என்பது தெரிந்துவிடும். வாழைப்பழமோ ஆப்பிளோ முன்னே வந்தால் குறித்துக்கொள்ளுங்கள். லாகரில் அதற்கு இடமில்லை.

4. முதல் மிடறு. நாக்கு முழுவதும் பரவவிட்டு, விழுங்கி, வாயை மூடியபடி மூக்கால் மூச்சை விடுங்கள். மால்ட்டின் நுணுக்கம் இந்தப் பின்மூச்சில்தான் தெளிவாகக் கிடைக்கும்.

5. இரண்டாம் மிடறு. இப்போது எடையைக் கவனியுங்கள். வாயில் தண்ணீர்போல் ஓடுகிறதா, தடித்து நிற்கிறதா? இனிப்பு எங்கே முடிந்து கசப்பு எங்கே தொடங்குகிறது?

6. முடிவு. விழுங்கியபின் பத்து நொடி காத்திருங்கள். கருநிற லாகரின் தரம் இங்கேதான் வெளிப்படும். முடிவு சுத்தமாக, வாய் பிசுபிசுக்காமல், அடுத்த மிடறைக் கேட்க வேண்டும். மால்ட்டின் நினைவு இருக்கலாம். சர்க்கரையின் பிசுக்கு இருக்கக் கூடாது.

7. சூடேறிய பிறகு. கடைசி இரண்டு மிடறுகளை வைத்துவிட்டுக் கால் மணி நேரம் கழித்துக் குடியுங்கள். நல்ல டொப்பெல்பொக் இப்போதுதான் முழுதாக மலரும். குறையுள்ள பீர் இப்போது தன் குறையை மறைக்க முடியாது.

குறைகளை அறிதல்

வெண்ணெய் மணம் வந்தால் நொதித்தலின் இறுதியில் ஈஸ்ட்டுக்குப் போதிய நேரம் தரவில்லை என்று பொருள். செக் லாகர்களில் மட்டும் இதன் மெல்லிய சாயலை ஏற்பார்கள். வேகவைத்த மக்காச்சோள மணம் சாற்றைச் சரியாகக் கொதிக்கவிடாததன் அடையாளம். பச்சை ஆப்பிள் மணம் பீர் இன்னும் முதிரவில்லை என்று காட்டும். நனைந்த அட்டைப்பெட்டி வாசனை வந்தால் காற்றுப்பட்டு, பழையதாகிவிட்டது. நாற்றமான, காட்டு விலங்குபோன்ற வீச்சம் ஒளிபட்டதால் வருவது. தொண்டையைச் சொறியும் கருகல் காரம், கரிய மால்ட்டின் அளவு மிஞ்சியதைச் சொல்லும்.

குறை தென்பட்டால் ஆலையைப் பழிக்குமுன் தேதியையும் கடையின் சேமிப்பையும் பாருங்கள். அட்டை மணமும் ஒளிவீச்சமும் பெரும்பாலும் பயணத்திலும் அலமாரியிலும் ஏற்படுபவை. மற்றவைதான் காய்ச்சியவரின் பொறுப்பு.

இரண்டு பயிற்சிகள்

முதலாவது, மூன்று கோப்பைச் சோதனை. இரண்டில் டுங்கெல், ஒன்றில் ஷ்வார்ட்ஸ்பீர் ஊற்றச் சொல்லி, நீங்கள் கண்ணைக் கட்டிக்கொண்டு வேறானதைக் கண்டுபிடியுங்கள். நிறம் மறைந்ததும் நாக்கு எவ்வளவு உழைக்க வேண்டியிருக்கிறது என்பது புரியும். பீர் ஆலைகளே தங்கள் சுவைஞர்களை இம்முறையில் சோதிக்கின்றன.

இரண்டாவது, செக் மதுவகங்களில் வழக்கமாகக் கிடைக்கும் கலப்பு. ஒத்த வீரியமுள்ள பொன்னிற லாகரையும் கருநிற லாகரையும் பாதிப்பாதி சேர்த்து ஊற்றுவார்கள். மூன்று கோப்பைகளில் பொன்னிறம், கருநிறம், கலப்பு என வைத்து வரிசையாகச் சுவையுங்கள். மால்ட் தனியாகவும் ஹாப்ஸ் தனியாகவும் என்ன செய்கின்றன என்று பிரித்தறிய இதைவிட எளிய வழி இல்லை.

சுவைக்கும் வரிசை எப்போதும் டுங்கெல், செக் லாகர், ஷ்வார்ட்ஸ்பீர், டொப்பெல்பொக் என்றே இருக்கட்டும். வீரியமானதை முன்னால் குடித்தால் பின்னால் வருவது தண்ணீராகத் தோன்றும். இடையில் தண்ணீரும் உப்பில்லா வெள்ளை ரொட்டியும் போதும். ஒவ்வொன்றுக்கும் மூன்று வரி எழுதுங்கள்: மணம், எடை, முடிவு.

உணவோடு

பவேரியாவில் டுங்கெலுடன் மொறுமொறுப்பான தோலோடு சுட்ட பன்றி இறைச்சி பரிமாறுவார்கள். குழம்பிலும் டுங்கெல் சேரும். துரிங்கியாவில் கரியடுப்பில் சுட்ட சாஸேஜும் ஷ்வார்ட்ஸ்பீரும் சேர்க்கை. இரண்டிலும் விதி ஒன்றே: மால்ட்டைச் சிவக்கவைத்த அதே வினைதான் இறைச்சியையும் சிவக்கவைக்கிறது. உங்கள் அடுப்பில் நன்கு சிவக்க வறுத்ததும் சுட்டதும் எதுவானாலும் டுங்கெலோடு பொருந்தும். காரம் மிகுந்த உணவுக்குக் கசப்பு குறைந்த டுங்கெலே ஏற்றது. ஹாப்ஸின் கசப்பும் ஆல்கஹாலின் வெப்பமும் மிளகாயின் எரிச்சலை ஏற்றிவிடும். டொப்பெல்பொக்கை முதிர்ந்த பாலாடைக்கட்டியோடு, உணவின் இறுதியில் வைத்துக்கொள்ளுங்கள்.

தொடங்குவதற்கு ஒரு டுங்கெலும் ஒரு ஷ்வார்ட்ஸ்பீரும் போதும். இரண்டையும் ஒரே மாலையில், சரியான குளிரில், சுத்தமான கோப்பைகளில், அருகருகே வைத்துச் சுவையுங்கள். மால்ட்டை அறிய இவ்வளவு நேர்மையான பானம் வேறில்லை என்பது என் உறுதியான கருத்து. அடுத்தமுறை பட்டியலில் கருநிற லாகரைப் பார்க்கும்போது தயங்காமல் அதையே கேளுங்கள். குறைவாக ஊற்றுங்கள், மெதுவாகக் குடியுங்கள்.